பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி: வீட்டுவழிக் கல்வியில் சமூக அறிவியல் பாட வரிசை (நிகழ்வு ஆய்வு)

சூழல்

பிலடெல்ஃபியாவை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். 2019 நடுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். மகள் அங்கே சமச்சீர் கல்வியில் ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். அந்த செப்டம்பரில் இங்கே பொதுப்பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளைவிட இரண்டு வகுப்பு இளையவன் தம்பி. 2020 மார்ச்சில் பென்சில்வேனியா பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த கல்வியாண்டு முதல் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். பாடம் நடத்தியது அம்மா. அவர் சென்னையில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். சமூக அறிவியல் அவருக்குப் பழகிய துறை இல்லை.

எட்டாம் வகுப்பு ஆண்டு முழுவதும் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் போய்விட்டது. இதன் விளைவு பிறகுதான் தெரிந்தது. இங்கே பல பள்ளிகளில் அமெரிக்க வரலாற்றை ஐந்தாம் வகுப்பில் ஒரு முறையும் எட்டாம் வகுப்பில் ஒரு முறையும் தொட்டுவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அந்த இரண்டு சுற்றும் முடிந்திருக்கும் என்று எண்ணித்தான் உயர்நிலைப் பாடநூல்கள் எழுதப்படுகின்றன. இந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு சுற்றுகூட நடக்கவில்லை.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

பென்சில்வேனியா வீட்டுவழிக் கல்விக்குக் கெடுபிடியான மாநிலம் என்று பெயர் வாங்கியது. ஆனால் பாட வரிசையைப் பொறுத்தவரை அது எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படித்து வாங்கும் பள்ளி நிறைவுப் பட்டயத்துக்கு ஆங்கிலம் 4 ஆண்டு, கணக்கு 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, கலையும் மானுடப் பண்பியலும் 2 ஆண்டு வேண்டும். இடைநிலையில், அதாவது ஏழு முதல் பன்னிரண்டுக்குள், புவியியல், குடிமையியல், உலக வரலாறு, அமெரிக்க வரலாறு, பென்சில்வேனியா வரலாறு ஆகியவை கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த ஆண்டில் எது என்று சட்டம் சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் நடத்த வேண்டும் என்றும் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-க்குள் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அதோடு ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் நோக்கங்களின் சுருக்கம் இணைக்க வேண்டும். அங்கே எழுதியதை மாற்றினால் சட்டச் சிக்கல் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. அந்தச் சுருக்கத்தை வைத்துக் குடும்பம் சட்டத்தை மீறியதாகக் கண்காணிப்பாளர் முடிவுசெய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆண்டு நடுவில் வரிசையை மாற்றலாம். 180 நாளோ 990 மணி நேரமோ நிறைவாக வேண்டும். படித்த நூல்களின் பட்டியலும் எழுத்து மாதிரிகளும் கோப்பில் இருக்க வேண்டும். தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையிடம் பேசி, கோப்பைப் பார்த்துத் தரும் சான்று ஜூன் 30-க்குள் மாவட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதல் ஆறு வாரம்

2021 ஆகஸ்டில், ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில், அம்மா தமக்குத் தெரிந்த வழியில் போனார். சமச்சீர்ப் புத்தகத்தில் ஒரே ஆண்டில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் வரும். அடுத்த ஆண்டும் அதே நான்கு சற்று ஆழமாக வரும். இங்கேயும் திங்கள் வரலாறு, செவ்வாய் புவியியல், புதன் குடிமையியல், வியாழன் பொருளியல் என்று அட்டவணை போட்டார்.

இந்த முறையில் தவறில்லை. அமெரிக்க ஆவணங்களோடுதான் அது ஒட்டவில்லை. இங்கே கிரெடிட் என்பது ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேரம். நான்கையும் கலந்தால் ஆண்டு முடிவில் ஒவ்வொன்றுக்கும் 35 மணி நேரம் தேறும். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரிக்கு அனுப்பும் பாட, மதிப்பெண் பட்டியலில், அதற்கு என்ன பெயர் எழுதுவது? ‘சமூக அறிவியல் 9’ என்றால் கல்லூரிக்கு எதுவும் புரியாது. குழந்தை இடையில் பொதுப்பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால், அங்குள்ள ஆலோசகர் எந்தப் பாடத்துக்கு ஈடாக அதைக் கணக்கில் எடுப்பார் என்றும் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தொடும் பாடத்தில், முந்தைய வாரம் படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அக்டோபர் தொடக்கத்தில் இந்த முறை நிறுத்தப்பட்டது.

சோதித்தபோது தெரிந்தவை

புதிய வரிசையை முடிவுசெய்யும் முன் மூன்று சிறு சோதனைகள் வைத்தார்கள். இந்த வழி பரிந்துரைக்கத்தக்கது. ஒரே நாளில் முடிந்துவிடும். பாடநூல் அட்டையைப் பார்த்து எடுக்கும் முடிவைவிட நம்பகமானது.

முதல் சோதனை, கல்லூரி நிலை வரலாற்று நூலிலிருந்து 10 பக்கம் வாசித்தல். 1 மணி 40 நிமிடம் ஆனது. பக்கத்துக்குப் பத்து நிமிடம்.

இரண்டாவது, 25 நிமிடத்தில் ஒரு மூல ஆவணத்தைப் படித்துவிட்டு ஒரு பத்தி எழுதுதல். ஆவணத்தில் இருந்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்னாள். யார் எழுதியது, யாருக்காக, எதற்காக என்ற கேள்விகள் அந்தப் பத்தியில் எழவே இல்லை. மனப்பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மூன்றாவது, அரசு அமைப்பைப் பற்றி நான்கு கேள்விகள். பதில்கள் தவறாக இருந்தாலும் தற்செயலானவை அல்ல. ‘மாநில ஆளுநரை அதிபர் நியமிப்பார்’ என்று எழுதியிருந்தாள். இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதால் வந்த பதில் அது. ‘மாநில அரசு சரியாக நடக்காவிட்டால் மத்திய அரசு கலைத்துவிடும்’ என்பது இன்னொன்று. 356-வது பிரிவின் நிழல். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, இந்த கவுண்டிக்கு கலெக்டர் யாரு?” என்று கேட்டாள். கலெக்டரே இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள்தான் என்று சொல்ல அம்மாவும் தேடிப்பார்க்க வேண்டியிருந்தது.

பலமும் தெரிந்தது. ஹரப்பா, மௌரியர், குப்தர், சங்ககாலத் துறைமுகங்கள் எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே படித்தவை. கேட்டால் தடையில்லாமல் வந்தன. வரைபடம் வாசிப்பதும் நன்றாக இருந்தது.

மேசையில் இருந்த மூன்று வரிசைகள்

முதலாவது, காலவரிசை. பழங்காலம், இடைக்காலம், நவீன காலம், அமெரிக்கா என ஆண்டுக்கு ஒன்று. வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களில் நெடுநாளாகப் புழங்கும் முறை. கதைபோல ஓடும் என்பது அதன் வசதி. இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை. அவளுக்கு ஓரளவு தெரிந்த பழங்காலத்துக்கு ஓர் ஆண்டு முழுதாகப் போகும். அறவே தெரியாத அரசு அமைப்புக்கும் பொருளியலுக்கும் இடமே இருக்காது.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழுக்களில் பேசப்பட்ட வரிசை. ஒன்பதில் ஏ.பி. (பள்ளியிலேயே படித்துத் தேர்வு எழுதும் கல்லூரி நிலைப் பாடம்) மானுடப் புவியியல், பத்தில் ஏ.பி. உலக வரலாறு, பதினொன்றில் ஏ.பி. அமெரிக்க வரலாறு, பன்னிரண்டில் ஏ.பி. அரசியலும் பொருளியலும். அப்பாவுக்கு இதில்தான் ஆசை. பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கு அதை முடித்துவைத்தது. ஏ.பி. தேர்வு மே மாத முதல் இரண்டு வாரங்களில் வந்துவிடும். அதற்குமுன் கையில் இருப்பவை ஏறத்தாழ 30 வாரங்கள். சுமார் 900 பக்க நூல் என்றால் வாரத்துக்கு 30 பக்கம், அவள் வேகத்தில் வாசிப்புக்கு மட்டுமே 5 மணி நேரம். எழுத்துப் பயிற்சிக்கு நேரமே மிஞ்சாது. அந்தத் தேர்வில் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதோ எழுத்துதான்.

மூன்றாவது, அமெரிக்க வரலாற்றை ஒன்பதிலேயே வைத்துவிடுவது. ‘தெரியாததை முதலில் படிக்கட்டும்’ என்பது வாதம். மதிப்பீட்டாளர் இதற்கு மறுப்புச் சொன்னார். அந்த ஆண்டு ஆங்கில எழுத்தும் பலவீனம், அரசமைப்புச் சொற்களும் புதிது. இரண்டு பலவீனங்களையும் ஒரே பாடத்தின் தலையில் ஏற்றினால், டிரான்ஸ்கிரிப்டில் கல்லூரிகள் கட்டாயம் பார்க்கும் அமெரிக்க வரலாறு என்ற வரியில்தான் மோசமான மதிப்பெண் விழும் என்றார்.

முடிவும் காரணமும்

திட்டத்தை ஒன்பதிலிருந்து தொடங்காமல் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கிப் போட்டார்கள். நகர்த்த முடியாத நாட்களை முதலில் காலண்டரில் குறித்தார்கள்.

2024 நவம்பர் 5, அதிபர் தேர்தல். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதியில் இருப்பாள். பென்சில்வேனியாவோ அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் 19 கொண்ட இழுபறி மாநிலம். அரசு அமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. எனவே அது பன்னிரண்டின் இலையுதிர் பருவம்.

2024 ஆகஸ்ட் 1, கல்லூரி விண்ணப்பம் திறக்கும் நாள். விண்ணப்பம் போகும்போது முழுதாக முடிந்த ஆண்டுகள் ஒன்பது, பத்து, பதினொன்று மட்டும். வெளியார் வைக்கும் தேர்வில் ஒரு மதிப்பெண் வேண்டுமென்றால் அது 2024 ஜூலைக்குள் வந்தாக வேண்டும். பெற்றோரே போட்ட ‘ஏ’ மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வெளித்தேர்வு மதிப்பெண் ஒன்று நிற்பது வீட்டுவழி மாணவருக்குப் பெரிய துணை. எனவே ஏ.பி. அளவிலான அமெரிக்க வரலாறு பதினொன்றில்.

மிஞ்சியது ஒன்பதும் பத்தும். அவற்றை உலக வரலாற்றுக்குக் கொடுத்தார்கள்: ஒன்பதில் புவியியலோடு சேர்த்து 1450 வரை, பத்தில் 1450 முதல் இன்று வரை. இரண்டுக்கும் தலா ஒரு கிரெடிட். இரண்டும் எந்தப் பள்ளியும் கேள்வி கேட்காமல் ஏற்கும் பெயர்கள். பழங்காலப் பகுதியைப் பத்தே வாரத்தில் முடிக்கலாம், அவளுக்குத் தெரிந்ததுதானே. மிச்சமாகும் நேரம் எழுத்துக்கு. பொருளியல் பன்னிரண்டின் இரண்டாம் பருவத்தில், உள்ளூர் சமுதாயக் கல்லூரியில்.

நான்கு ஆண்டில் குறைந்தது நான்கு கிரெடிட். சட்டம் கேட்பது மூன்று. நான்காவதைப் பெற்றோர் காப்பாக வைத்துக்கொண்டார்கள். உடல்நலமோ இடமாற்றமோ ஓராண்டைக் கெடுத்தாலும் பட்டயம் தடைபடாது.

ஒன்பதும் பத்தும் நடந்த விதம்

வார அட்டவணை 4 மணி நேரம்: திங்கள் வரைபடம் 40 நிமிடம், செவ்வாயும் வியாழனும் வாசிப்பு ஒவ்வொரு மணி நேரம், புதன் எழுத்து 50 நிமிடம், வெள்ளி பேச்சும் சிறு தேர்வும் 30 நிமிடம். 36 வாரத்துக்கு 144 மணி நேரம். 120 என்ற கோட்டைத் தாண்டி இருக்கும் 24 மணி நேரம் காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும்.

எழுத்துப் பயிற்சி படிப்படியாகக் கூட்டப்பட்டது. ஒன்பதின் முதல் பருவத்தில் ஒரு ஆவணம், ஒரு பத்தி, ஒரே கேள்வி: இதை எழுதியவருக்கு இதனால் என்ன லாபம்? இரண்டாம் பருவத்தில் முரண்படும் இரண்டு ஆவணங்கள். பத்தாம் வகுப்பில் மூன்று, பிறகு ஐந்து. ஏ.பி. தேர்வின் ஆவணக் கட்டுரையில் 7 ஆவணங்கள் வரும். 15 நிமிட வாசிப்பும் சேர்த்து 60 நிமிடம். மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 25 சதவீதம். ஏழை நேராகக் கொடுத்தால் பிள்ளை ஒவ்வொன்றையும் சுருக்கி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இரண்டிலிருந்து ஏறினால் அவற்றை ஒன்றோடொன்று மோதவிடும் பழக்கம் தானாக வருகிறது.

பத்தாம் வகுப்பில்தான் உலக வரலாற்றை முதலில் வைத்ததன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1754-ல் மேற்குப் பென்சில்வேனியாவின் நெசசிட்டி கோட்டையில் வாஷிங்டன் பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த சண்டையும், 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடம் தோற்ற சண்டையும் ஒரே உலகப் போட்டியின் இரு முனைகள். 1773-ல் லண்டன் நாடாளுமன்றம் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுக்குள் கொண்டுவர ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. அதே ஆண்டு அதே கம்பெனியைக் கடனிலிருந்து மீட்கத் தேயிலைச் சட்டமும் போட்டது. டிசம்பரில் அந்தத் தேயிலை பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது. யார்க்டவுனில் 1781-ல் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கல்கத்தாவுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போய், 1792-ல் திப்புவின் பாதி நாட்டைப் பறிக்கும் உடன்படிக்கையை வாங்கினார். இவற்றை ஒரே காலக்கோட்டுத் தாளில் மேலே அமெரிக்கா, கீழே இந்தியா என்று எழுதவைத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் முன்னறிவே இல்லாத பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பிடித்துக்கொள்ள அந்தத் தாள் பல கொக்கிகளைக் கொடுத்தது.

சிக்கியது ஆங்கிலப் பாடம். அதன் திட்டத்தை வேறு நாளில் வேறு நூலை வைத்துப் போட்டிருந்தார்கள். அதில் அமெரிக்க இலக்கியம் பத்தாம் வகுப்பில் இருந்தது. உள்நாட்டுப் போர் எதற்கு நடந்தது என்று தெரியாமலே அந்தக் காலத்துக் கதைகளைப் படித்தாள். டிசம்பரில் உலக இலக்கியத்தைப் பத்துக்கும் அமெரிக்க இலக்கியத்தைப் பதினொன்றுக்கும் மாற்றிவைத்தார்கள். சமூக அறிவியல் வரிசையை முடிவுசெய்யும் அன்றே ஆங்கில வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

பதினொன்று: அமெரிக்க வரலாறு

நூல், ஓபன்ஸ்டாக்ஸின் இலவச அமெரிக்க வரலாறு, 32 அத்தியாயம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை விடுமுறை, கடைசி நான்கு வார மீள்பார்வை எல்லாம் கழித்தால் 27 வாரம். முதல் மூன்று அத்தியாயத்தைக் கோடையிலேயே முடித்ததால் மீதி 29. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. இரண்டு வாரங்களில் மட்டும் இரண்டு.

வீட்டில் நடத்துபவர்கள் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குடியேற்றமும் விடுதலைப் போரும் சுவையாக இருக்கும், பயணம் போக இடங்களும் பக்கத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ் வரை அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏ.பி. தேர்வு 1491-லிருந்து இன்று வரையை ஒன்பது காலப்பகுதியாகப் பிரிக்கிறது. முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் தலா 4 முதல் 6 சதவீதம். இரண்டாவதுக்கு 6 முதல் 8. நடுவில் இருக்கும் ஆறுக்கும் தலா 10 முதல் 17. ‘கிறிஸ்துமஸுக்குள் 1877’ என்று அம்மா சுவரில் எழுதி ஒட்டினார். டிசம்பர் நடுவில் 1865-ல் இருந்தார்கள். விடுமுறையில் ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்துச் சரிசெய்தார்கள்.

பென்சில்வேனியா வரலாற்றுக்குத் தனிப் பாடம் வைக்கவில்லை. நாட்டு வரலாற்றில் அந்தந்த இடத்தில் மாநிலத்தை நிறுத்தினார்கள்: 1681-ல் வில்லியம் பென் பெற்ற குடியேற்றச் சாசனம், டெலவேர் மக்களின் நிலத்தைப் பறித்த 1737 ‘நடை’ ஒப்பந்தம், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க 1780-ல் மாநிலம் இயற்றிய சட்டம், 1794 விஸ்கி வரிக் கலகம், 1863 கெட்டிஸ்பர்க் போர், 1892 ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தம், 1979 த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு. கோப்பில் அவற்றுக்குத் தனித் தாவல் போட்டிருந்ததால் மதிப்பீட்டாளர் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தார்.

படிப்பைவிட அதிகம் அலைக்கழித்தது தேர்வு எழுத இடம் தேடியதுதான். வீட்டுவழி மாணவர் ஏதாவது ஒரு பள்ளியில் இடம் கேட்டு வாங்க வேண்டும். வெளி மாணவரை ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பள்ளியின் விருப்பம். வினாத்தாள் கேட்டுப் பதியும் கடைசி நாள் நவம்பர் நடுவில் வரும். பல பள்ளிகள் தங்களுக்கென்று அதற்கு முந்திய நாளை வைத்திருக்கும். செப்டம்பரில் அழைக்கத் தொடங்கினார்கள். மூன்று பள்ளிகள் மறுத்தன, நான்காவது ஏற்றது. முந்தைய வசந்தத்திலேயே ஏ.பி. ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவைப்பது நல்லது.

பாடப் பெயரிலும் கவனம் தேவை. ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தால் மட்டுமே டிரான்ஸ்கிரிப்டில் ‘ஏ.பி.’ என்ற முன்னொட்டைப் போடலாம். பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். இவர்கள் விண்ணப்பிக்கவில்லை; ‘அமெரிக்க வரலாறு, உயர்நிலை’ என்று எழுதி, தேர்வு மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டினார்கள்.

பன்னிரண்டு: அரசும் பொருளியலும்

இலையுதிர் பருவம் அரை கிரெடிட். ஏ.பி. பாடத்திட்டத்தில் உள்ள ஒன்பது அடிப்படை ஆவணங்களையும் படித்தாள், ஏ.பி. தேர்வு எழுதவில்லை. விண்ணப்ப வேலை நடக்கும் பருவம் அது. மே மாதத்தில் வரும் மதிப்பெண் சேர்க்கைக்கு உதவவும் போவதில்லை.

செய்முறை வேலைகள் மூன்று. ஒன்பது உறுப்பினர் கொண்ட பள்ளி மாவட்டக் குழுவின் கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுத்தல். வீட்டுக்கு வந்த மாதிரி வாக்குச்சீட்டில் உள்ள ஒவ்வொரு பதவிக்கும் என்ன அதிகாரம் என்று எழுதுதல். தேர்தல் இரவில் கவுண்டி வாரியாக எண்ணிக்கையை வரைபடத்தில் நிரப்புதல். பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்குகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்பதால் முன்னிலை எப்படி மாறிமாறித் தெரியும் என்று முன்கூட்டியே எழுதவைத்தார்கள்.

இந்தக் குடும்பம் இன்னும் குடியுரிமை பெறவில்லை. 2023 செப்டம்பர் முதல் இந்த மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது, தகுதியுள்ளவர் மறுத்தால் ஒழிய, வாக்காளராகவும் பதிவாகிவிடுவார். குடியுரிமை இல்லாதவர் அந்தத் திரையில் எதைத் தொடுகிறோம் என்று படித்துப் பார்த்தே தொட வேண்டும். தவறான பதிவு பிற்காலத்தில் குடியேற்ற விண்ணப்பத்தையே கெடுக்கும். பாடநூல் எதிலும் இல்லாத இந்தப் பகுதிக்கு ஒரு வகுப்பு முழுதாக ஒதுக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த எந்தக் குடும்பமும் குடிமையியலில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பொருளியல், சமுதாயக் கல்லூரியில் மூன்று கிரெடிட் நுண்பொருளியல். வீட்டு டிரான்ஸ்கிரிப்டில் அது ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடப்பட்டது. வீட்டில் கூடுதலாகச் சொத்து வரி ரசீதை எடுத்துக் கவுண்டி, டவுன்ஷிப், பள்ளி மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போகிறது என்று பிரித்தாள். மாநில வருமான வரி எல்லாருக்கும் ஒரே 3.07 சதவீதம் என்பதையும் கூட்டரசு வரி படிப்படியாக ஏறுவதையும் ஒரே சம்பளத்துக்குக் கணக்குப்போட்டு ஒப்பிட்டாள்.

விளைவு

பதினொன்றின் தொடக்கத்தில் வாசிப்பு வேகம் பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்குள் வந்திருந்தது. ஏ.பி. அமெரிக்க வரலாற்றில் 5-க்கு 4. நுண்பொருளியலில் பி பிளஸ். 2025 ஜூனில் மதிப்பீட்டாளர் கையொப்பத்தோடு பட்டயம். விண்ணப்பித்த கல்லூரிகளில் ஒன்று மட்டும் ஒன்பதாம் வகுப்பு உலக வரலாற்றுக்குப் பாட விளக்கம் கேட்டது. நூல் பட்டியலையும் மூன்று எழுத்து மாதிரிகளையும் அனுப்பியதும் ஏற்றுக்கொண்டது.

குறை ஒன்று கடைசிவரை இருந்தது. பதினொன்றில் அரசமைப்பு உருவான பகுதி வந்தபோது கூட்டாட்சி, அதிகாரப் பிரிவு, நீதிமன்ற மறுஆய்வு ஆகியவற்றை வரலாற்றோடு சேர்த்தே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் கூடுதலாக ஆனது. டிசம்பரில் பின்தங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆளுநரை அதிபர் நியமிப்பார் என்ற பழைய எண்ணம் 2023 அக்டோபரில்கூட ஒரு கட்டுரையில் தலைகாட்டியது. 2021-லேயே சோதனையில் தெரிந்த பலவீனம் இது. அதைப் பன்னிரண்டு வரை தள்ளிவைத்தது தேர்தல் நாளுக்குப் பொருந்தியது, பாடத் தேவைக்குப் பொருந்தவில்லை. ஒன்பதில் பத்து மணி நேரம் ஒதுக்கி இந்திய, அமெரிக்க அரசு அமைப்புகளை ஒப்பிட்டு ஒரு சிறு தொகுதி நடத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

தம்பிக்கு மாற்றியவை

அக்கா பன்னிரண்டில் இருந்தபோது தம்பி பத்தில். 2024 இலையுதிர் பருவத்தில் அரசு அமைப்புப் பாடத்தை இருவருக்கும் சேர்த்தே நடத்தினார்கள். 2026 நவம்பரில், அவன் பன்னிரண்டில் இருக்கும்போது, மாநில ஆளுநர் தேர்தல் வரும், அதுவரை காத்திருந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க வரலாற்றுக்கு முன் அரசு அமைப்பு வரட்டும் என்பது இம்முறை தெளிவாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் தயாரிப்பு வேலையும் பாதியானது. அக்காவுக்கு ஒன்பது ஆவணம், அவனுக்கு நான்கு. எழுத்து அளவும் பாதி. வாய்மொழி விவாதம் மட்டும் இருவருக்கும் சமம்.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் அரை கிரெடிட் நேரம் அரசு அமைப்புக்குப் போனதால் நவீன உலக வரலாறு 1914-லேயே நின்றது. மீதியை 2025-26 அமெரிக்க வரலாற்றோடு இணைக்கிறார்கள்: இரண்டு உலகப் போர், பனிப்போர் ஆகிய பகுதிகள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று கூடுதல் மணி நேரம். டிரான்ஸ்கிரிப்டில் பத்தாம் வகுப்பு உலக வரலாற்றுக்கு அரை கிரெடிட் மட்டும். ஒன்று என்று எழுத 120 மணி நேரம் தேறவில்லை.

தேர்வு இடத்துக்கு 2025 ஏப்ரலிலேயே எழுதியாகிவிட்டது. அமெரிக்க இலக்கியமும் அதே ஆண்டில். பொருளியலை அவனுக்கும் சமுதாயக் கல்லூரியில் வைப்பதா, கல்லூரி கிரெடிட் தரும் கிளெப் தேர்வாக எழுதவைப்பதா என்பது அவன் சேர விரும்பும் கல்லூரிகள் எதை ஏற்கின்றன என்று பட்டியல் எடுத்தபின் 2026 கோடையில் முடிவாகும்.